வான்சி கொடுத்த கதவு

நாம்கான் ஆற்றங்கரை விகாரையில் புதுக் கதவு மாட்டியதை ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. பெட்சமோன் மட்டும் போகவில்லை. கதவு வான்சியின் காணிக்கை. அந்தப் பேரைக் கேட்டாலே பெட்சமோனுக்கு வயிறு எரியும். நாற்பது வருஷத்துக்கு முன்னால் இவள் புருஷன் கம்லா முதலில் பெண் கேட்டுப் போனது வான்சி வீட்டுக்குத்தான். அங்கே கையை விரித்த பிறகுதான் இவளைக் கட்டினார். போன வருஷம் அவர் கண்ணை மூடிவிட்டார். எரிச்சல் மட்டும் சாகவில்லை.

பௌர்ணமியன்று மனசு கேட்காமல் கிளம்பினாள். குறை கண்டுபிடிக்கத்தான் போனாள். தாய்க்கோழி சிறகு விரித்த மாதிரி மூன்றடுக்குக் கூரை தாழ்ந்திருந்தது. தோட்டமெல்லாம் ஈழத்தலரிப் பூ. கதவில் தேக்கைக் குடைந்து கொடி, கொடிக்கு நடுவே மான், எல்லாவற்றின் மேலும் தங்க ரேக்கு. மானின் காதுமடல் வரைக்கும் உளி போயிருந்தது. பாவி, நன்றாகத்தான் செய்ய வைத்திருக்கிறாள்.

கீழ்ச்சட்டத்தில் காணிக்கை எழுத்து இருந்தது. குனிந்து படித்தாள். இந்தப் புண்ணியம் காலஞ்சென்ற கம்லாவைச் சேரட்டும் என்று எழுதி, கீழே வான்சியின் பேர்.

உயிரோடு இருந்தவரை என் கையால் சாப்பிட்ட மனுஷன், செத்த பிறகு அவள் புண்ணியத்தைத் தின்பதா? நேரே உள்ளே போய், பௌர்ணமி ஓதலுக்கு வந்திருந்த வான்சி பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஏண்டி, எழுதுறதுக்கு உனக்கு வேற செத்தவனே கிடைக்கலையா?"

"எங்கப்பா மாட்டேன்னப்ப நான் வாயே திறக்கல. அந்தக் கடன்தான் இது. உன்கூட அவரு நல்லாத்தான் இருந்தாரு."

"அதை நீ சொல்லித்தான் நான் தெரிஞ்சுக்கணுமா?"

அதற்குள் பிக்குகள் ஓத ஆரம்பித்தார்கள். இறந்தவர்களுக்குப் புண்ணியம் சேர நீர் வார்க்கும் நேரம். குறை கண்டுபிடிக்கக் கிளம்பிய அவசரத்தில் பெட்சமோன் நீர் வார்க்கும் செம்பை வீட்டிலேயே விட்டுவிட்டாள். செம்பு இல்லாதவர் வார்ப்பவரின் கையைத் தொட்டுக்கொள்ள வேண்டும். எட்டும் தூரத்தில் இருந்தது வான்சி ஒருத்திதான். அவள் முழங்கையை நீட்டினாள்.

தொடாவிட்டால் கம்லாவுக்கு இன்று வான்சியின் தண்ணீர் மட்டும்தான் போகும். பெட்சமோன் நகம் பதியப் பிடித்தாள். வான்சி வார்த்த நீரை ஈழத்தலரி வேரில் ஊற்றப் போனபோதும் பிடியை விடவில்லை.

அப்படியே ஆகட்டும் என்று எல்லோரும் "சாது" சொன்னார்கள். பெட்சமோனின் சாது தோட்டத்தைத் தாண்டி ஆறு வரை கேட்டது. கூப்பிடுவது யாரென்று அவருக்குத் தெரிய வேண்டாமா?