பகல் நேர லோடு

ஒத்தக்கடையில் யானைமலையைப் பார்த்தபடி இருக்கும் தெருவில், மலையாண்டியின் மனைவி முத்துச்செல்வி ஒரு சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணிக்கு இரண்டு பேரானாள். ஒருத்தி கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இன்னொருத்தி, அன்று பகலில் உடுத்தியிருந்த அதே மஞ்சள் நைட்டியில், ஈரத்துணி வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். நிஜத் துணியெல்லாம் காய்ந்து, மடித்து, பீரோவுக்குள் போய் இரண்டு மணி நேரமாகியிருந்தது. மாடியில் இல்லாத துணியை இல்லாத கிளிப் மாட்டிக் காயப்போட்டுவிட்டு அவள் இறங்கி வந்தாள், சமையலறையைக் கழுவினாள், பத்து மணி ஆனதும் விளக்கு மாதிரி அணைந்துபோனாள். மலையாண்டி முதலில் போய்ப் பார்த்தது மீட்டரைத்தான். கூடுதலாக எதுவும் ஓடவில்லை என்று தெரிந்ததும் நிம்மதியாகப் படுத்துவிட்டார்.

இதற்கு மூலகாரணம் கப்பலூர். அங்கே பிளாஸ்டிக் குடம் செய்யும் ஒரு கம்பெனியில் மலையாண்டி இருபது வருடமாக சூப்பர்வைசர். காலையிலும் மாலையிலும் கரண்டுக்குக் கட்டணம் எகிறும் பீக் அவரில் பெரிய மெஷின்களை நிறுத்திவைப்பது அவர் பொறுப்பு. இந்த வித்தையை வீட்டில் காட்ட முடியவில்லையே என்ற குறை அவருக்கு நெடுநாளாக இருந்தது. வீடுகளுக்கும் நேரத்துக்கு நேரம் கட்டணம் என்றொரு திட்டத்தை மின்வாரியம் கொண்டுவந்து, விரும்பியவர்கள் சேரலாம், சேர்ந்தால் மூன்று வருடத்துக்கு மாற முடியாது என்று அறிவித்தபோது, அந்தத் தெருவிலேயே முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். தை மாதம் மொட்டைமாடியில் ஆறு சோலார் பலகைகள் ஏறின. பகல் பத்து முதல் நான்கு வரை வெயில் கரண்டு, கிட்டத்தட்ட ஓசி. மாலை ஆறு முதல் பத்து வரை தொட்டால் சுடும். ஆகவே துவைப்பது, அரைப்பது, இஸ்திரி போடுவது, மோட்டார் ஓட்டுவது எல்லாம் இனி பத்திலிருந்து நான்குக்குள் என்று ஒரு அட்டையில் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டினார்.

பத்திலிருந்து நான்கு வரை வீட்டில் யார் இருப்பது என்று அட்டையில் எழுதவில்லை. எழுதத் தேவையில்லாமல் போயிற்று. முத்துச்செல்வி பதினோரு வருடமாக மேலூர் ரோட்டில் சேக் இஸ்மாயில் பாயின் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்த்தவள். அவள் ஊசி குத்தினால் குத்தியதே தெரியாது. மற்ற இடங்களில் நாலு தடவை குத்தியும் நரம்பு கிடைக்காத கிழவிகளும் பச்சைக் குழந்தைகளும் அவள் முன்னால்தான் கையை நீட்டினார்கள். விரலை வைத்து இரண்டு நொடி கண்ணை மூடுவாள், நரம்பு தானாக வந்து நிற்கும். மாசி மாதம் அந்த வேலையை விட்டாள். மலையாண்டி அதட்டவும் இல்லை, அடிக்கவும் இல்லை. இம்புட்டு வெயில் வீணாப் போகுதே என்று தினமும் சாப்பிடும்போது ஒரு தடவை சொன்னார், அவ்வளவுதான். பாய் அவளுடைய வெள்ளை கோட்டை ஆணியிலிருந்து கழற்றாமல் வைத்திருந்தார்.

அதன் பிறகு முத்துச்செல்விக்கு வெயில் மாமியாராகிவிட்டது. திருமங்கலத்தில் அவளுடைய அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தபோது, நான்கு மணிக்கு மேல் கிளம்பி, மூன்று பஸ் மாறிப் போய்ப் பார்த்து, மறுநாள் பத்து மணிக்குள் மெஷினில் துணி போடத் திரும்பி வந்தாள். வளைகாப்பு, காதுகுத்து எதற்கும் பகலில் போகவில்லை. மாலையில் எதையும் தொடக்கூடாது, பகலில் எங்கேயும் போகக்கூடாது. நான்கு சுவருக்குள் இருக்கிறோம் என்று நினைத்தவள், போகப்போக நான்கு சுவரும் ஒரு கடிகாரத்துக்குள் இருப்பதைக் கண்டுகொண்டாள். அழுகை வந்தது. அதையும் பகலில்தான் அழுதாள்.

பகல் வெயில் கரண்டைச் சேர்த்துவைத்து மாலையில் கொடுக்கும் பேட்டரி சித்திரையில் வந்தது. மாடிப்படிக்குக் கீழே அரை பீரோ உயரத்தில் அதை நிறுத்திய சோலார் கம்பெனிப் பையன் அழகுராஜா, ஒரு விண்ணப்பத்தை நீட்டி நிரப்பச் சொன்னான். அதில் ‘பகல் நேர லோடு’ என்று ஒரு கட்டம். மோட்டார், மிக்ஸி, வாஷிங் மெஷின் என்று எழுதியிருக்க வேண்டும். வீட்டில் பகல் நேரப் பாரத்தைச் சுமப்பது யார் என்று கேட்கிறார்கள் என எண்ணிய மலையாண்டி, உண்மையை மறைக்காமல், கொட்டை எழுத்தில் ‘முத்துச்செல்வி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அழகுராஜாவும் படித்துப் பார்க்கவில்லை. அப்படியே பேட்டரியின் ஆப்பில் ஏற்றிவிட்டான்.

செவ்வாய்க்கிழமை சம்பவத்துக்குப் பிறகு அவனைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவன் பேட்டரியைத் தட்டிப் பார்த்தான், விண்ணப்பத்தை எடுத்துப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

“அண்ணே, இதுல பழுது ஒண்ணும் இல்ல. பகல் லோட வாங்கி வச்சு சாயங்காலம் குடுக்கறதுதான் பேட்டரியோட வேலை. நீங்க அக்கா பேர எழுதியிருக்கீங்க, அது அக்காவக் குடுக்குது.”

மாற்ற முடியாதா என்று முத்துச்செல்வி கேட்டாள். மூன்று வருடம் போகட்டும் என்றான். தெருக்காரர்கள் இரண்டு நாள் வந்து வாசலில் நின்று பார்த்தார்கள். எதிர்வீட்டுப் பாண்டிமீனா மட்டும், இதற்குத் தனியாக ஏதும் கட்டணமா என்று விசாரித்துவிட்டுப் போனாள்.

மலையாண்டிக்குப் பேட்டரி முத்துச்செல்வியைப் பிடித்துப்போயிற்று. எதிர்த்துப் பேசுவதில்லை, ஃபேனைக் கூட்டி வைக்கச் சொல்வதில்லை. நிஜ முத்துச்செல்விக்குத்தான் தன் பகல் முழுவதும் கண் முன்னால் மறுபடி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. தான் இவ்வளவு குனிந்து நடக்கிறோம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. வைகாசியில் ஒரு நாள் மாலை, அந்த மஞ்சள் நைட்டிக்காரி மாவு அரைத்து முடித்ததும் ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மேலூர் ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டே, தன் இடது முழங்கை மடிப்பில் வலது கை விரலை வைத்து அழுத்தினாள். கண்ணை மூடினாள். நரம்பு தேடினாள். அடுத்த நாளும் அப்படியே செய்தாள், அதற்கு அடுத்த நாளும். தினமும் பகலில் தான் இதைச் செய்துகொண்டிருப்பது முத்துச்செல்விக்கே தெரிந்திருக்கவில்லை. தெரியாத ஒருத்திக்குப் பரிதாபப்படுவது போல் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டாள், பிறகு அது தான்தான் என்று உறைத்தது, தாங்க முடியவில்லை.

மறுநாளிலிருந்து பகலை யோசித்துச் செய்ய ஆரம்பித்தாள். மதியமே ராத்திரிச் சாப்பாட்டைச் சமைத்து ஹாட்பாக்ஸில் வைத்தாள். ஒரு மணிக்கு மலையாண்டியின் காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து, யாரும் பேசாத பேச்சுக்கு, விட்டு விட்டு நாற்பது தடவை ‘ம்’ கொட்டினாள். ஆறு மணிக்குப் பின்வாசல் வழியாக இறங்கி, பாயின் லேபுக்குப் போனாள். டாக்டர்கள் மாலையில் பார்க்கும் ஊர் என்பதால் அந்த நேரத்தில்தான் கூட்டம். பாய் ஆணியிலிருந்து வெள்ளை கோட்டை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார்.

எதிரே இருப்பது எந்த முத்துச்செல்வி என்று பார்க்காமல் மலையாண்டி கம்பெனிக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார், அவள் ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தாள். இப்படிப் பதினோரு நாள். இருபது வருடத்தில் இவ்வளவு பொறுமையாக யாரும் கேட்டதில்லை என்று அவர் பூரித்துப்போயிருந்தார். பன்னிரண்டாம் நாள் பத்து மணிக்கு ஒருத்தி நாற்காலியில் அணைய, இன்னொருத்தி கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தாள், ஸ்பிரிட் வாசனையோடு. மலையாண்டி கோபத்தோடு போனை எடுத்து ஆப்பைத் திறந்தார். யூனிட் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆட்சேபிக்கக் காரணம் கிடைக்காததால் படுக்கப் போய்விட்டார்.

அதற்காக அவளுக்கு விடுதலை கிடைத்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். மாலை வெளியே போக, பகலை முழுசாக உள்ளே இருந்து நிரப்பியாக வேண்டும். ஒரு நாள் தவறினாலும் சாயங்காலம் நாற்காலி காலி. ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை பிடித்தது. யானைமலை கண்ணுக்கே தெரியவில்லை. மூன்றாம் நாள் பேட்டரி முத்துச்செல்வி நைட்டிப் பூக்கள் வழியாகச் சுவர் தெரியும் அளவுக்கு வெளுத்திருந்தாள். ஏழரை மணிக்கு லேபில் போன் அடித்தது. மேலூரிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டியின் கையைப் பிடித்தபடியே முத்துச்செல்வி எடுத்தாள்.

“பேசிக்கிட்டு இருக்கையிலேயே அணைஞ்சுட்ட,” என்றார் மலையாண்டி.

“மூணு நாளா வெயில் இல்லையேங்க. இன்னைக்கு அம்புட்டுத்தான் நானு.”

போனை வைத்துவிட்டுப் பாட்டியின் முழங்கை மடிப்பில் விரலை வைத்தாள். கண்ணை மூடினாள். எப்பம்மா குத்துவ என்று பாட்டி கேட்டபோது ரத்தம் எடுத்தாகியிருந்தது.

மறுநாள் மழை விட்டு வெயில் அடித்தது. முத்துச்செல்வி பத்து மணிக்கு மெஷினில் துணி போட்டாள். ஒரு மணிக்குக் காலி நாற்காலியின் எதிரே உட்கார்ந்து நாற்பது ‘ம்’ கொட்டினாள். பிறகு மழை நாளுக்கு ஆகட்டுமென்று இன்னும் பத்து கொட்டிவிட்டு எழுந்தாள்.