அழுதால் போகலாம்

மார்கழி விடியலில் கொல்லிமலையில் பேச்சு வாயிலேயே உறைந்துவிடும். ஆறு மணிக்குச் சொன்னது ஒன்பது மணி வெயிலில் உருகித்தான் அடுத்தவர் காதுக்குப் போய்ச் சேரும். அந்தக் குளிரில் கோகிலா ஏணியைத் தோளில் சுமந்து வந்து சில்வர் ஓக் மரத்தில் சாய்த்தாள். மிளகுக்கொடி உச்சிவரை ஏறியிருந்தது. உச்சிக்கொத்தைப் பறித்து இறங்குவதற்குள் ஒருத்திக்கு ஒரு வயது கூடிவிடும் என்பார்கள். கோகிலாவுக்கு அன்று பத்து வயது கூடியது. பிள்ளை பெற்று ஐந்தாம் நாள். இடுப்பில் பழஞ்சேலையை இறுக்கிக் கட்டியிருந்தாள். மாரில் கட்டிய பால் ரவிக்கையை நனைத்து, மரப்பட்டையாய் விறைத்தது.

வராமல் இருக்க முடியாது. புருஷன் செல்வம் குடகில் காப்பி பறிக்கப் போயிருந்தான். அறுவடைக்கு ஆள் வராத குடும்பத்துக்கு எஸ்டேட் கொடுத்த லைன் வீடு கிடையாது. அது எஸ்டேட் சட்டம்.

முதலாளி வேல்முருகன் தொண்டையைச் செருமினால் மலையடிவாரப் புளியஞ்சோலையில் குரங்கு கைப்பழத்தைக் கீழே போட்டுவிடும். அப்பேர்ப்பட்டவரிடம் கோகிலா முந்தின நாளே கேட்டிருந்தாள்.

"ஏனுங்க, ரெண்டு மணிக்கொருக்கா ஊட்டுக்குப் போயி பால் குடுத்துட்டு வாரனுங்க."

"ஆறு எருமை வெச்சிருக்கேன். அதுல ஒண்ணாவது லீவு கேட்டிருக்குமா?"

பக்கத்து ஏணியில் நின்ற சென்னம்மாள் விடவில்லை. "எருமைக்குக் கன்னுக்குட்டியப் பக்கத்துலயே கட்டுவீங்களே சாமி!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். முதலாளிக்குக் காது சிவந்தது. "சரி, புள்ளை அழுதா போ. ஆனா அழுவுற சத்தம் இங்க வரைக்கும் கேக்கோணும்."

பத்தொன்பது ஏணிகளிலும் பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு பறித்தார்கள். எறும்பு தும்மினாலும் கேட்டிருக்கும். பிள்ளை மட்டும் அழவில்லை. நேற்றும் அழவில்லை, இன்றும் அழவில்லை.

லைன் வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவள் பக்கத்து வீட்டுப் பொன்னம்மாள்; அவளுக்குப் பதில் மருமகள் ஏணி ஏறினாள். ஏணி சறுக்கி அவள் கால் முறிந்தபோது முதலாளி தாராள மனதோடு அரை பாட்டில் தைலம் அனுப்பியிருந்தார். வீட்டிலேயே பிறந்த பிள்ளை. முதல் சீம்பாலைச் சூடு என்று மண்ணில் பீய்ச்சச் சொன்னவளும், சர்க்கரைத் தண்ணீர் புகட்டியவளும், தினமும் மஞ்சள் பூசிக் குளிப்பாட்டியவளும் அவள்தான். எல்லாம் பாசத்தில் செய்தது. "தங்கமாட்டம் புள்ளை, கண்ணு. வாயத் தொறக்கறதே இல்ல. மஞ்சளும் மேனியில எப்படிப் புடிச்சிருக்கு பாரு!" என்று பூரிப்பாள். கோகிலாவும் பூரித்தாள்.

பத்து மணிக்கு, லைன் வீடுகளைப் பார்க்க வந்த கிராம நர்ஸ் பிரிசில்லா, பிள்ளையை மார்போடு அணைத்தபடி மிளகு மரங்களுக்கு நடுவே ஓடிவந்தாள். கோகிலா ஏணியிலிருந்து பாதி இறங்கி, பாதி விழுந்தாள்.

பிரிசில்லா ஈரத்துணியால் பிள்ளையின் உள்ளங்காலை அழுந்தத் துடைத்தாள். துணியில் மஞ்சள் வந்தது. மறுபடி துடைத்தாள். துணி வெள்ளையாக வந்தது. கால் மஞ்சளாகவே இருந்தது.

"இது பூசின மஞ்சள் இல்லம்மா, காமாலை. பால் பத்தல. பாதம் வரைக்கும் இறங்கிடுச்சு, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"அழுவவே இல்லீங்களே..."

"அழறதுக்குத் தெம்பு இல்ல."

கோகிலாவுக்கு மாரில் பால் கல்லாய்க் கனத்தது. இரண்டு நாளாய் எழுபது கெஜ தூரத்தில் பிள்ளை, இங்கே பால், நடுவில் ஒரு மனிதனின் வார்த்தை.

ஆம்புலன்ஸ் அடிவாரத்தில் இருந்தது. வர ஒன்றரை மணி நேரம் ஆகுமாம். மூட்டை ஏற்றிய எஸ்டேட் ஜீப் பத்தடியில் நின்றது.

"லோடு இறங்காது," என்றார் முதலாளி. "ஆம்புலன்ஸ் வரட்டும். நீங்க ஏறுங்க மரத்துல."

சென்னம்மாள் இறங்கினாள். அடுத்தவள் இறங்கினாள். ஆளுக்கொரு மூட்டையாய் இழுத்துப் போட்டார்கள்.

"தொட்டவ ஊடெல்லாம் காலி! மொதல்ல கோகிலா ஊட்டுச் சாமான் வெளிய வரும்!" முதலாளி கையை நீட்டியதும் மேஸ்திரி லைன் வீடுகளுக்கு ஓடினான்.

டிரைவர் அருணாசலம் முதலாளி முன்னால் இருமக்கூடப் பயந்தவர். அவர் வண்டியைக் கிளப்பினார்.

பிரிசில்லா பின்சீட்டில் உட்கார்ந்து பிள்ளையின் உள்ளங்காலைச் சுரண்டி எழுப்பினாள். கோகிலா மாரில் வைத்தாள். மூன்று தரம் சப்பியது, தூங்கிவிட்டது. மறுபடி சுரண்டினார்கள். இரண்டு தரம்.

"பொழைச்சுக்குமாங்க?"

பிரிசில்லா பொய் சொல்லத் தெரியாதவள். "குடுத்துட்டே இரும்மா," என்றாள்.

ஜீப் லைன் வீடுகளைக் கடக்கையில் வேகம் குறைந்தது. மேஸ்திரி கோகிலாவின் குண்டானையும் பாயையும் வாசலில் எறிந்துகொண்டிருந்தான். பக்கத்து வாசலில் பொன்னம்மாள் ஒற்றைக்காலில் தத்தித் தத்தித் தன் அடுப்புச் சட்டியைக் கொண்டுவந்து அந்தப் பாயின் மேல் வைத்தாள். அதற்கடுத்த வீட்டிலிருந்து ஒரு டிரங்குப் பெட்டி வந்தது. மற்றப் பெண்களோடு தோட்டத்திலிருந்து குறுக்கே மூச்சிரைக்க ஓடிவந்த சென்னம்மாள் தன் அண்டாவைத் தலையில் சுமந்து வெளியே வந்தாள்.

"நீ போ கண்ணு! எறியறவன் எல்லாத்தையும் சேத்து எறியட்டும்!"

வளைவில் திரும்பும்போது கோகிலா எட்டிப் பார்த்தாள். பத்தொன்பது வீட்டுச் சாமானும் மண்ணில் கிடந்தது. மேற்கே மேகம் கறுத்து முதல் தூறல் விழுந்தது. ஒருத்தியும் எதையும் உள்ளே எடுக்கவில்லை.