இரும்புக்குப் போட்ட மூன்று

அரக்கு சொட்டுவதற்குள் அவள் உள்ளங்கையை விடைத்தாள் கட்டின் மேல் அறைந்தாள். சூடான துளி ஒன்று கட்டைவிரலில் விழுந்தது. கையை எடுக்கவில்லை.

"இந்தக் கட்டுக்கு சீல் வைக்கக் கூடாது."

கூடத்தில் அத்தனை சிவப்புப் பேனாக்களும் நின்றன. திருத்த வந்திருந்த மற்ற ஆசிரியர்களுக்கு இந்தக் கெமிஸ்ட்ரி டீச்சரைத் தெரியும். 'நைட்ரேட்' என்பது அவர்கள் வைத்த பேர்தான். லேசாக உரசினால் போதும், வெடித்துவிடுவாள்.

மேசைக்கு அந்தப் பக்கம் தலைமைத் தேர்வாளர். அவளுக்கு மாமா முறை, அக்காவின் கணவர்.

"கையை எடும்மா. வண்டி கிளம்பணும்."

"கிளம்பிட்டா அப்புறம் மார்க்கை மாத்தவே முடியாது, அதானே? சோடியம் நைட்ரோபுரூசைடுல இரும்போட ஆக்சிஜனேற்ற எண் என்னன்னு கேள்வி. நீங்க குடுத்த விடைக்குறிப்புல ப்ளஸ் மூணு. ரெண்டுன்னு சரியா எழுதின புள்ளைங்களுக்கெல்லாம் முட்டை. அந்த ஒரு மார்க்குல எத்தனை பேரோட காலேஜ் சீட் போகும்னு தெரியாதா?"

"குறிப்புல என்ன இருக்கோ அதான்."

"அப்படியா? போர்டுல போட்டுக் காட்டுங்க மாமா."

வேறு வழியில்லை. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாக்பீஸை எடுத்தார்.

"வெளியே ரெண்டு சோடியம், ப்ளஸ் ரெண்டு. அப்போ அடைப்புக்குள்ள மொத்தம் மைனஸ் ரெண்டு. அஞ்சு சயனைடுக்கு மைனஸ் அஞ்சு. நைட்ரோசில்..." சாக்பீஸ் தயங்கியது. "பூஜ்யம். இரும்பு ப்ளஸ் மூணு."

"பூஜ்யமா?" காது மடல் வரை கொதித்தது அவளுக்கு. "இதுல அது ப்ளஸ் ஒண்ணுன்னுதானே கணக்கு. அப்போ இரும்பு ரெண்டுதான். போன வருஷம் பயிற்சி முகாம்ல மைக்கைப் பிடிச்சு, 'இந்த நைட்ரோசில்லதான் எல்லாரும் வழுக்கி விழுவீங்க'ன்னு எங்களைக் காய்ச்சி எடுத்தது யாரு?"

"அன்னிக்கு எனக்குத்தான் டோஸ் அதிகம்," என்றது பின்வரிசைக் குரல் ஒன்று.

தெரியாமல் செய்த தப்பென்றால் விட்டுத் தொலைத்திருப்பாள். இது தெரிந்தே செய்தது. போனை இழுத்துத் தேர்வு அலுவலகத்தின் எண்ணை அழுத்தினாள்.

மறுமுனையில் மணி அடித்தது. மாமா மேசையைச் சுற்றி ஓடி வந்து, அவள் காதருகே குனிந்து ஏதோ வேகமாக முணுமுணுத்தார். 'உங்க அக்காவுக்காகவாவது' என்று முடித்தது மட்டும் முன்வரிசைக்குக் கேட்டது.

அவள் முகம் வெளுத்தது. ரிசீவர் மெல்லக் கீழே இறங்கியது.

மாமா நிம்மதியாக மூச்சு விட்டு, அரக்குக் குச்சியோடு நின்ற உதவியாளரிடம் 'வை' என்று கண்ணைக் காட்டினார். அந்தக் கண்ஜாடைதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ரிசீவர் மறுபடி காதுக்கு ஏறியது.

"வேதியியல் விடைத்தாள் திருத்துற இடத்துலேருந்து பேசறேன் சார். வண்டியை நிறுத்தச் சொல்லுங்க. நீங்க அனுப்பின விடைக்குறிப்புல ரெண்டுதான் இருந்திருக்கு. இங்க மூணா மாத்தியிருக்காங்க. இப்பதான் என் காதுல சொன்னாரு." மாமாவின் மேல் வைத்த பார்வையை எடுக்காமலே தொடர்ந்தாள். "தலைமைத் தேர்வாளர்தான் சார் மாத்தினது. அவர் பையன் போன வருஷமே பாஸாகி, வெளியூர் காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கான்னு ஊரையே நம்ப வெச்சிருக்காங்க. அவனோட சித்தி, என்னையும் சேர்த்து. அவன் பாஸாகல. இந்த வருஷம்தான் மறுபடி எழுதியிருக்கான். இரும்புக்கு மூணுன்னு."