பத்திரிகையில் விட்டுப்போன பெயர்கள்

மத்தியானச் சோறு தின்றுவிட்டுத் தங்கதுரை கட்டிலில் சாய்ந்ததும், பகவதி கம்ப்யூட்டர் மேல் போர்த்தியிருந்த சேலைத் துணியை உருவினாள். மகன் லிங்கராஜ் விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டர். ஹெட்போனைக் காதில் மாட்டினாள். "இந்த வயசுல படிச்சு கலெக்டராவப் போறா" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார் தங்கதுரை. மளிகைக்கடைக்காரர், வெயில் தாழ்ந்ததும் கடை திறக்கப் போய்விடுவார். பெண்டாட்டி யூடியூபில் டிசைன் படிக்கிறாள் என்பது வரைதான் அவருக்குத் தெரியும். சொல்லிக்கொடுக்கிற குரல் யாருடையது என்று தெரிந்தால் கம்ப்யூட்டர் தெருவில் கிடக்கும்.

கதை பெரிய கதையெல்லாம் இல்லை. கோயம்புத்தூரில் கூட வேலை பார்த்த சரண்யாதேவியை லிங்கராஜ் கட்டிக்கொண்டான். வேறு சாதி ஆட்கள். "எனக்கு மவனே கிடையாது" என்றார் தங்கதுரை. சொன்னதோடு விட்டாரா மனுசன்? மகள் ஜெயபிரியா கல்யாணத்துக்குப் பத்திரிகை அடித்தபோது, ஊரில் ஒருத்தருக்கும் முகம் தெரியாத பம்பாய் மாமா வரைக்கும் பெயர் போட்டார். பெண்ணோடு கூடப் பிறந்த அண்ணன் பெயர் இல்லை. மாப்பிள்ளைக்கு மோதிரம் போட வேண்டியவன் அவன். பெரியப்பா மகன் போட்டான். பகவதி வாயைத் திறக்கவில்லை. அதுவரைக்கும் அம்மாவிடம் மட்டுமாவது பேசிக்கொண்டிருந்த பிள்ளை, யாரோ போனில் அனுப்பிய பத்திரிகையைப் பார்த்த அன்றோடு நம்பரையே மாற்றிவிட்டான்.

பக்கத்து வீட்டு முத்துச்செல்விதான் ஒருநாள் போனை நீட்டினாள். "மதினி, இது நம்ம லிங்கராஜு சத்தம்லா?" முகம் தெரியவில்லை. திரையில் அம்புக்குறி நகர்ந்தது, குரல் மட்டும் வந்தது. போட்டோஷாப் பாடம். "புரிஞ்சிட்டா? அவசரப்படாதீங்க" என்றது குரல். பகவதி அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அப்புறம் ஒன்று விடாமல் எல்லாப் பாடமும் கேட்டாள். நடுவில் டம்ளர் வைக்கிற சத்தம் வரும். "இருங்க, டீ வந்துட்டு" என்பான். எவளோ ஒருத்தி என்று அதுவரை வைதுகொண்டிருந்த மனசு, அந்தச் சத்தத்தில்தான் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. எம்புள்ளைக்கு நேரத்துக்கு டீ குடுக்காளே, அது போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

சும்மா கேட்டால் மட்டும் ஆசை அடங்குமா? சந்தேகம் எழுதினால் பதில் போடுவானாம். சந்தேகம் கேட்கவும் பாடம் தெரிய வேண்டுமே. அப்படித்தான் பத்தாங்கிளாஸ் பகவதி மவுஸைப் பிடித்தாள். முத்துச்செல்வி பெயரில் கேட்டாள். "நல்ல கேள்வி அக்கா" என்று பதில் வந்தது. பெற்ற பிள்ளை அக்கா என்கிறான், அதற்கும் அவளுக்கு ஒரு சந்தோஷம், பாருங்கள். போன வருஷம் கொஞ்ச மாதம் பாடமே வரவில்லை. திரும்ப வந்தபோது குரல் கம்மியிருந்தது. "சுக்குக் காப்பி குடிங்க தம்பி" என்று எழுதினாள். இப்போது கம்ப்யூட்டரில் ஓடுகிற ஆப் செய்யச் சொல்லித்தருகிறான். பட்டனை அமுக்கினால் 'வணக்கம்' வர வேண்டும் என்றான். பகவதி 'சாப்பிட்டியா' என்று வரவைத்தாள்.

"செஞ்சதை மெயில்ல அனுப்புங்க, திருத்தித் தாரேன்" என்று ஒரு பாடத்தில் சொன்னான். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ஜெயபிரியா கல்யாணப் பத்திரிகையை முதலிலிருந்து அவளே செய்தாள். பிள்ளையார், மஞ்சள் கரை, பெயர் வரிசை. பம்பாய் மாமாவைத் தூக்கிவிட்டு, இடம் பண்ணி, 'அண்ணன் லிங்கராஜ், அண்ணி சரண்யாதேவி' என்று எல்லாருக்கும் மேலே பெரிய எழுத்தில் போட்டாள். முடிந்துபோன கல்யாணத்துக்குப் பத்திரிகை. யாருக்குக் கொடுக்க? ஒருத்தனுக்குத்தான். பார்த்ததும் அம்மாதான் என்று தெரிந்துவிடும். தெரியட்டும். ஒருதரம் அம்மா என்று கூப்பிட்டுவிட்டால் போதும். நேற்று அனுப்பிவிட்டாள்.

இன்றைக்குப் பதில் வந்திருந்தது. முதல் சொல்லே 'அம்மா'. பகவதிக்குக் கண் மறைத்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டுதான் மிச்சத்தை வாசித்தாள்.

"அம்மா, இத்தன நாளும் நீதானா? நல்லா செஞ்சிருக்க. எங்க பேர மட்டும் பெருசா போட வேண்டாம், எல்லாம் ஒரே அளவுல இருக்கட்டும். சரண்யா பேருக்கு முன்னால அமரர்னு சேத்துக்கோ. போன ஆவணில போயிட்டா. காய்ச்சல்னுதான் கொண்டுபோனோம். சொல்லணும்னு இருந்துச்சு. யார்ட்ட சொல்லன்னு தெரியல."

அமரர் என்ற சொல்லை மாமனார் பெயருக்கும் மாமியார் பெயருக்கும் முன்னால் அவள் போட்டிருந்தாள். வயதாகி, பேரன் பேத்தி பார்த்துப் போனவர்கள். இந்தப் பிள்ளையின் முகத்தைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. தொண்டையிலிருந்து என்ன சத்தம் வந்ததோ, தங்கதுரை எழுந்து உட்கார்ந்தார்.

"என்னளா?"

"உங்க மருமவ செத்துப் போயிட்டா."

"எனக்கு ஏது மருமவ" என்றார். சொன்னவர் மறுபடி படுக்கவில்லை. வேட்டியை இறுக்கிக்கொண்டு வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். பகவதி திரையில் திறந்த பத்திரிகையைப் பிள்ளையாரிலிருந்து தொடங்கி வாசித்தார். மகன் பெயர் வந்த இடத்தில் அவர் மூச்சு நின்று வந்தது பகவதிக்குக் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் எழுத்தின் அளவைக் குறைத்தாள். பிறகு சரண்யாதேவி என்ற பெயருக்கு முன்னால் மவுஸை வைத்து அமுக்கினாள். விரலால் தேடித் தேடி ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். எழுத்து விழ விழ, அந்தப் பெயர் கொஞ்சம் கொஞ்சமாக வலதுபக்கம் நகர்ந்து இடம் கொடுத்தது.