அணைக்காத சுவிட்ச்

முதல் சோதனையில் என் சிஸ்டம் பதினோரு வினாடி உயிரோடு இருந்தது. அதற்குப் பிறகு மாடிப்படி விளக்குகள் ஒரு தடவை மினுக்கின, பேட்டரி அறையில் ஒரு 'டக்' சத்தம், அவ்வளவுதான். தொண்ணூற்றாறு வீடும் இருண்டது. சனிக்கிழமை காலை பத்தரை மணி என்பதால் இருட்டு என்று சொல்வதற்கில்லை, ஆனால் மே மாதத்து தில்லியில் மின்விசிறி நின்றால் எவ்வளவு வசவு விழும் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சொசைட்டித் தலைவர் ஜகந்நாதன் சார் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, டீசல் ஜெனரேட்டரை ஓட விடச் சொன்னார்.

அந்தப் பார்வைக்காகவாவது இதை முழுசாகச் சொல்லியாக வேண்டும்.

மயூர் விஹாரில் தென்றல் சொசைட்டி என்கிற அடுக்குமாடிக் குடியிருப்பு. நான்கு பிளாக், பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள், பாதிப் பேர் மத்திய சர்க்காரில் கையெழுத்துப் போட்டே ஓய்வு பெற்றவர்கள். மொட்டை மாடி நான்கிலும் சோலார் பேனல்கள். கீழே பழைய சைக்கிள் ஷெட்டில் ஆள் உயரத்துக்குப் பேட்டரி அலமாரிகள். வெளியிலிருந்து வரும் மின்சாரம் நின்றால், சொசைட்டி தன் வெயிலையும் தன் பேட்டரியையும் வைத்துக்கொண்டு தானே பிழைத்துக்கொள்ள வேண்டும். மைக்ரோகிரிட் என்பது இதுதான். எப்போது வெளி இணைப்பைத் துண்டிப்பது, பேட்டரி எவ்வளவு கொடுப்பது, சூரியன் எவ்வளவு கொடுப்பது என்று நொடிக்கு நொடி முடிவெடுக்கும் மூளைக்குக் கன்ட்ரோலர் என்று பெயர். அந்த மூளைக்குள் இருப்பதை எழுதியவள் நான், கோமளா. பாலிடெக்னிக் முடித்து, மாலை வகுப்பில் பி.ஈ. படித்து, ஆறு பேர் வேலை செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் இருக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் அம்மா சந்திரம்மாள் இதே சொசைட்டியில் பத்தொன்பது வருஷமாக வீட்டுவேலை செய்கிறாள். ஜகந்நாதன் சார் வீடும் அவளுடைய வீடுகளில் ஒன்று. எட்டாவது படிக்கும்போது அவர் வீட்டுச் சமையலறை வாசலில் உட்கார்ந்துதான் நான் ஓம் விதியை மனப்பாடம் செய்தேன். அதனால் இங்கே தோற்பது வேறு எங்கேயும் தோற்பது மாதிரி இல்லை. நான் தோற்றால் அம்மா மறுநாள் காலை அதே படிகளில் ஏறிப் போயாக வேண்டும்.

அன்று சாயங்காலம் லாப்டாப்பில் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். மின்சாரம் போயிற்று, சரி. என் கன்ட்ரோலர் வெளி இணைப்பை அறுத்தது, சரி. பேட்டரியிலிருந்து நான்கு பிளாக்குக்கும் ஒரே சமயத்தில் மின்சாரம் கொடுத்தது. உடனே தேவை எகிறியது. ஏ.சி. எதுவும் இந்த லைனில் இல்லை. விளக்கு, விசிறி, ஃபிரிட்ஜ், சமையலறை பிளக் மட்டும்தான். ஐம்பது கிலோவாட்டில் நிற்க வேண்டியது நூற்று முப்பதைத் தொட்டிருந்தது. பேட்டரி இன்வெர்ட்டரின் சக்தியே நூறுதான். பத்து வினாடி பல்லைக் கடித்துத் தாங்கியது, பிறகு கையை விரித்துவிட்டது. சோலாரும் உதவிக்கு வரவில்லை. அது பெரிய வீட்டுச் சம்பந்தி மாதிரி, மின்சாரம் நிலையாக இருக்கிறதா என்று சில நிமிடம் பார்த்துவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைக்கும்.

அந்த எண்பது கிலோவாட் எங்கிருந்து வந்தது? ஃபிரிட்ஜ்களைக் கணக்கில் எடுத்திருந்தேன். மோட்டார் பம்பை எடுத்திருந்தேன். தலையைப் பிய்த்துக்கொண்டு நின்றபோது, அம்மா துணி மடித்தபடியே கேட்டாள்.

"இன்னிக்கு என்னாடி, கரண்டு வந்துச்சு, ஒடனே போயிடுச்சு? மாமி வூட்டுல கிரைண்டர் ஒரு சுத்து சுத்திட்டு நின்னுடுச்சு."

"ஒரு சுத்து சுத்துச்சா? கரண்ட் போனதும் நீ சுவிட்சை அணைக்கலையா?"

"எதுக்கு அணைக்கணும்? கரண்டு வந்தா அதுவா ஓடும். சத்தம் கேக்கும்ல? அத வெச்சித்தான் அடுத்த வூட்டுல இருந்து ஜல்தியா ஓடி வருவேன். அணைச்சிட்டுப் போனா, அப்புறம் யாருக்கு ஞாபகம் இருக்கும்? மாவு பாதியில கெடந்து புளிக்கும்."

"எத்தனை வீட்டில இப்படி?"

"நானு நாலு வூட்ல. செல்வி, பார்வதி எல்லாரும் அப்படித்தான். வூட்டுக்காரம்மாங்களும் அப்படித்தான். கரண்டு வர்ற வரைக்கும் நின்னு பாத்துக்கிட்டு இருக்க நான் என்னா பங்களாக்காரியா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. சனிக்கிழமை காலை, தமிழ்ச் சொசைட்டி. ஞாயிற்றுக்கிழமை இட்லிக்கு அறுபது வீட்டில் மாவு ஓடிக்கொண்டிருக்கிறது. ஓடுகிற கிரைண்டர் ஓர் ஓரமாக இருந்துவிட்டுப் போகும். கெட்டியாகி நின்றுபோன மாவுக்குள்ளிருந்து கல்லைக் கிளப்ப வேண்டுமென்றால் அதே மோட்டார் ஆறு மடங்கு கேட்கும். அறுபது கல்லும், தொண்ணூற்றாறு ஃபிரிட்ஜும், ஒரே நொடியில். நான் படித்த, ஜெர்மனியில் எழுதிய பாடப் புத்தகத்தில் இது எங்கே இருக்கப் போகிறது? ஆனால் இட்லி தின்று வளர்ந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் சிஸ்டத்தைக் கவிழ்த்ததில் என்னைப் பெற்றவளுக்கு நான்கு வீட்டுப் பங்கு.

அடுத்த வாரம் கமிட்டிக் கூட்டத்தில் காரணத்தைச் சொன்னேன். யார் வீடு, யார் கை என்று சொல்லவில்லை. ஆனால் ஜகந்நாதன் சாருக்குக் கோப்பு படித்துப் பழக்கம், சொல்லாததையும் படிப்பார்.

"அப்போ சிஸ்டம் மேல தப்பில்லை. வேலைக்காரிகள் மேல தப்பு. கரண்ட் போனா கிரைண்டரை அணைச்சே ஆகணும்னு ஒரு சர்க்குலர் போட்டுடலாம். மீறினா கேட்ல நிறுத்திடலாம்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தால் காது சூடாகும். அன்று இரண்டு காதும் கொதித்தன.

"தப்பு என்னோடது சார். வீட்டில இருக்கிறவங்க எப்படி இருக்காங்களோ அப்படியே வெச்சுத்தான் நான் எழுதியிருக்கணும். அறுபது கிரைண்டருக்குத் தாங்காத சிஸ்டம் எதுக்கு? சர்க்குலரெல்லாம் வேணாம். இன்னொரு சனிக்கிழமை குடுங்க."

"இன்னொரு தடவை இப்படி ஆனா?"

"பேட்டரியைக் கழட்டி எடுத்துட்டுப் போயிடறோம். நீங்க புது டீசல் ஜெனரேட்டர் வாங்கிக்கோங்க."

வாயை விட்டுவிட்டேன். அதைச் சொல்ல எனக்கு அதிகாரமே கிடையாது. அன்று ராத்திரி என் முதலாளி போனில் பேட்டரியின் விலையை மட்டும் இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டார். ஆனால் சொன்ன சொல் கமிட்டியின் கூட்டக் குறிப்பில், மினிட்ஸில், ஏறிவிட்டது.

மூன்று வாரம் வேலை. நான்கு பிளாக்கையும் எட்டு மாடிப்படிப் பிரிவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மின்சாரத்தைத் தானாக இணைத்துத் துண்டிக்கும் ஒரு பிரேக்கர் வைத்தோம். கன்ட்ரோலர் முதல் பிரிவுக்கு மட்டும் மின்சாரம் கொடுக்கும். எகிறல் அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கும். அடங்கிய பிறகுதான் அடுத்தது. இத்தனை வினாடி என்று நான் எழுதி வைக்கவில்லை. பந்தியில் முதல் இலைக்காரர் சாப்பிட்டு எழுந்தாரா என்று பார்த்து அடுத்தவரை உட்கார வைப்பது போல, அதுவே பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பெரிய பிரிவுக்கு முதலில் கொடுப்பது சுலபம் என்று சொல்லிப் பார்த்தேன். யாருக்கு முதலில் மின்சாரம் என்பதில் கமிட்டி ஒன்றரை மணி நேரம் சண்டை போட்டது. கடைசியில் சீட்டுக் குலுக்கினார்கள். ஜகந்நாதன் சாரின் மாடிப்படிக்கு எட்டாவது இடம். அவர் முகத்தைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன் என்று ஒப்புக்கொள்கிறேன். எந்த வரிசை வந்தாலும் தாங்கும்படி எழுதிவிட்டேன், அது வேறு விஷயம்.

சோதனை நாள் சனிக்கிழமை, பதினோரு மணி. காலையில் கேட்டில் நுழைந்ததும் நோட்டீஸ் போர்டைப் பார்த்தேன். 'இன்று 10.50க்குள் அனைத்து வீடுகளிலும் கிரைண்டர்களை அணைக்கவும். வேலையாட்களுக்கு அறிவுறுத்தவும். தலைவர்.' வேண்டாம் என்று சொன்ன பிறகும் போட்டிருக்கிறார்! எனக்கு உதவுவதாக நினைத்துத்தான் போட்டிருப்பார். ஆனால் எல்லாக் கிரைண்டரும் அணைந்து கிடக்கும்போது ஜெயித்தால், அது ஜெயிப்பா? நிஜமாக மின்சாரம் போகிற அன்று யார் நோட்டீஸ் ஒட்டப் போகிறார்கள்?

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து இருபது. வாட்ச்மேன் பையாவிடம் லிஃப்ட் இரண்டையும் தரைத்தளத்தில் திறந்து வைக்கச் சொன்னேன். இரண்டும் காலி என்று அவர் கையாட்டியதும் பேட்டரி அறைக்குள் போனேன். ஜகந்நாதன் சார் முன்னாலேயே வந்து, நாற்காலி போட்டு, பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் வந்துட்டியே. பதினோரு மணிக்குத்தானே?"

"இல்ல சார். இப்ப."

மெயின் பிரேக்கரை இறக்கிவிட்டேன்.

சொசைட்டி முழுக்க ஒரு கணம் ஓசை நின்றது. பிறகு ஜன்னல்களிலிருந்து குரல்கள் கிளம்பின. ஜகந்நாதன் சார் எழுந்ததில் பேப்பர் தரையில் விழுந்தது.

"என்ன காரியம் பண்ணினே? எல்லார் ஆத்துலயும் கிரைண்டர் ஓடிண்டிருக்கு!"

"அதுக்காகத்தான் சார்."

திரையில் கன்ட்ரோலர் வெளி இணைப்பை அறுத்தது. பேட்டரி எழுந்தது. முதல் பிரிவு உள்ளே வந்தது. பூஜ்யத்திலிருந்து முப்பத்திரண்டு கிலோவாட்டுக்கு எகிறி, எட்டுக்கு இறங்கியது. இரண்டாவது. மூன்றாவது. ஒவ்வொரு தடவையும் எண் ஏறி, நின்று, இறங்கியது. எங்கோ ஏ பிளாக்கில் கிரைண்டர்கள் கடகடவென்று கிளம்பும் சத்தம் கேட்டது. என் வாழ்நாளில் அவ்வளவு இனிமையான சத்தத்தைக் கேட்டதில்லை.

ஆறு பிரிவு முடிந்தது. ஏழாவது உள்ளே வந்ததும் எண் தொண்ணூற்று மூன்றைத் தொட்டது. தொட்டது, இறங்கவில்லை. யாரோ ஒரு புண்ணியவதி உளுந்தில் தண்ணீர் குறைத்து ஊற்றியிருக்க வேண்டும், அந்தப் பிரிவில் கற்கள் கிளம்பத் திணறின. தொண்ணூற்று மூன்று. தொண்ணூற்று நான்கு. ஜகந்நாதன் சாரின் கை ஜெனரேட்டர் பட்டன் பக்கம் போனது.

"தொடாதீங்க சார்!"

அவர் முன்னால் நான் குரல் உயர்த்தியதே இல்லை. அவர் கை நின்றது. அதே நேரத்தில் அவர் போன் அடித்தது. பதற்றத்தில் அவர் எதையோ அழுத்த, அவர் மனைவி பட்டு மாமியின் குரல் அறை முழுக்கக் கேட்டது.

"ஏன்னா, பதினோரு மணின்னுதானே நோட்டீஸ் போட்டேள்? இப்பவே போயிடுத்தே! கிரைண்டர் பாதியில நிக்கறது!"

"அதை அணைக்கச் சொல்லு! உடனே!"

"சொல்லியாச்சு, மூணு தரம் சொல்லியாச்சு. சந்திரம்மா அணைக்கமாட்டேங்கறா. சுவிட்ச் பக்கத்துல கையைக் கட்டிண்டு நிக்கறா. என்னையும் கிட்ட விடமாட்டேங்கறா. 'எம் பொண்ணு கீழ இருக்கா, அவ பாத்துக்குவா'ங்கறா!"

என்னால் திரையைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். தொண்ணூறு. எழுபத்தெட்டு. ஐம்பத்தாறு. கன்ட்ரோலர் எட்டாவது பிரிவுக்கு மின்சாரம் கொடுக்கவில்லை. இன்னும் பார்த்துக்கொண்டிருந்தது. நான் எழுதியதுதான், ஆனால் அதன் பொறுமை எனக்கு இல்லை. எண் ஐம்பத்தைந்தில் வந்து நின்றது. எட்டாவது பிரேக்கர் இணைந்து மின்சாரத்தை உள்ளே விட்டது.

போனுக்குள் ஓர் உறுமல். ஒரு இழுப்பு. பிறகு கிரைண்டர் கடகடவென்று ஓட ஆரம்பித்தது.

"வந்துடுத்து!" என்றாள் பட்டு மாமி. "ஏன்னா, வந்துடுத்து!"

எகிறல் எண்பத்தொன்றில் நின்று அறுபதுக்கு இறங்கியது. ஜெனரேட்டர் வாயே திறக்கவில்லை. இரண்டு மூன்று நிமிடத்தில் மாடியிலிருந்து சோலாரும் மெல்ல உள்ளே வர, பேட்டரி பாரத்தை இறக்கி வைத்து மூச்சு விட்டது. தொண்ணூற்றாறு வீடும் தன் வெயிலில் தான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. அடக்கமாகச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன், வரவில்லை. அவ்வளவு பெருமையாக இருந்தது.

ஜகந்நாதன் சார் கீழே கிடந்த பேப்பரை எடுத்து மடித்தார். அவருக்குப் பாராட்டிப் பழக்கமில்லை. வெளியே போய், நோட்டீஸ் போர்டிலிருந்து தன் காகிதத்தைத் தானே கிழித்துக்கொண்டு வந்தார். "மினிட்ஸ்ல எழுதணும். உன் முழுப் பேர் என்ன?" என்றார். பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்கிறார்.

"சந்திரம்மாள் மகள் கோமளான்னு எழுதுங்க சார்."

போனை அவர் அணைக்க மறந்திருந்தார். மாமி இன்னும் அதில் பேசிக்கொண்டிருந்தாள், எங்களிடம் இல்லை.

"ஏண்டி சந்திரம்மா, அதான் ஓடறதே. அடுத்த ஆத்துக்குப் போகலையா? எப்பவும் ஜல்தி ஜல்தின்னு பறப்பியே."

"போறேன் மாமி" என்றது அம்மாவின் குரல். "செத்த நேரம் நின்னு பாத்துட்டுப் போறேன்."