நான்காவது கடப்பைக் கல்

2025 செப்டம்பர் 29, திங்கட்கிழமை, திருப்பூர் ராயபுரத்தில் ஒரு வீட்டு வாசலில் சாக்கடையை மூடியிருந்த கடப்பைக் கல் இரண்டாக உடைந்தது. அந்த மாதத்தில் அது மூன்றாவது கல்.

வீட்டுக்காரர் சுப்பாத்தாளுக்குச் சந்தேகமே இல்லை. மாடியில் குடியிருக்கும் அனிதா ஒரு பனியன் கம்பெனியில் துணி செக்கிங் செய்பவர். அவரை ஏற்றிக்கொள்ளத் தினமும் காலை எட்டு மணிக்குக் கம்பெனி வேன் வரும்.

"உங்க கம்பெனி வண்டிதான் கண்ணு. இனிமே மெயின் ரோட்டுல போய் ஏறிக்க."

மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மெயின் ரோட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் அனிதாவால் ஷிஃப்டைப் பிடிக்க முடியாது.

"எங்க வண்டி அந்தக் கல்லுப் பக்கமே வராதுங்கம்மா. வேணும்னா கேமரா வச்சுப் பாருங்க."

சுப்பாத்தாளின் மகன் அருண்குமார் சொந்தமாகத் தையல் யூனிட் நடத்துபவர். மறுநாள் அவரே ஏணியில் ஏறி இரண்டு கேமராக்களை மாட்டினார். "வர்ற வண்டிக்கு ஒண்ணு, போற வண்டிக்கு ஒண்ணு. எந்த நம்பரும் தப்பாதும்மா."

புதன்கிழமை ஆயுத பூஜை. வெள்ளிக்கிழமை கம்பெனிகள் திறந்தன. அன்று மாலை அனிதா வேலை முடிந்து வந்தபோது புதிதாகப் போட்ட நான்காவது கல்லும் உடைந்து கிடந்தது.

மூவரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். பகல் பதினொன்றே முக்காலுக்கு ஒரு டெம்போ கல்லின் மேல் ஏறியது. அருண்குமார் படத்தை நிறுத்திப் பெரிதாக்கினார். முன்பக்க நம்பர் பிளேட் முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம்.

"பொட்டு நல்லாத் தெரியுது" என்றார் சுப்பாத்தாள்.

பின்பக்கக் கேமராவிலும் நம்பர் இல்லை. துணி ரோல்கள் வெளியே நீண்டிருந்ததால் பின்கதவைக் கீழே தொங்கவிட்டிருந்தார்கள். அது பிளேட்டை மறைத்தது.

"வேன் இல்லீன்னா உங்க கம்பெனி டெம்போவா இருக்கும்" என்றார் சுப்பாத்தாள், அனிதாவைப் பார்த்து.

அனிதா டிவியை நெருங்கினார். "ஏனுங்க, துணியக் கொஞ்சம் பெருசாக்குங்க. மெரூன்ல மஞ்சக் கோடு. எங்களுக்கு ஒரு மாசமா வெள்ளைத் துணிதானுங்க ஓடுது. இது வேற யாரோட ஆர்டரோ."

அருண்குமார் பின்கழுத்தைச் சொறிந்தார்.

"ஏஞ்சாமி, யாரோடது?" என்றார் சுப்பாத்தாள்.

"நம்ம துணிதாம்மா."

படத்தை மேற்கொண்டு ஓடவிட்டார். டெம்போ ஓட்டுநர் வெள்ளையன் இறங்கி, அருண்குமாருக்காகச் சுப்பாத்தாள் கேட்டில் மாட்டிவைத்திருந்த சாப்பாட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு போனார்.

"நீ பைக்குல ஆள் அனுப்பறேன்னுதானே நெனச்சேன்" என்றார் சுப்பாத்தாள்.

"லோடு வர்ற வழிதானேன்னு வெள்ளையங்கிட்ட நாந்தான் எடுத்துட்டு வரச் சொன்னேன். சூடா சாப்பிடச் சொன்னது நீதானம்மா."

"ஒரு வேளைச் சோத்துக்கு ஒரு கல்லா?"

அனிதா சிரிப்பை அடக்க முயன்றார். முடியவில்லை. சுப்பாத்தாளும் சிரித்துவிட்டார்.

திங்கட்கிழமை அருண்குமார் சாக்கடைக்குக் கான்கிரீட் மூடி போட்டார். வேன் எட்டு மணிக்கு வாசலுக்கே வந்து அனிதாவை ஏற்றிக்கொண்டது.