காரணம் சொன்ன காணிக்கை

செவலைக் கோழியைக் கூடையால் மூடி, மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டு நிமிர்ந்தாள் ஞானாயி. அவள் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்தவர்கள், கல்யாணம் மகளுக்கா அம்மாவுக்கா என்று கேலி செய்திருப்பார்கள்.

மறுநாள் மூன்றாவது ஓலை. கல்யாணம் பேசிய இருவரின் பெயரையும் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சபையைக் கேட்பார்கள். அதைத்தான் வேதக்காரர்களான கிறிஸ்தவர்கள் ஓலை என்பது. இரண்டு ஓலை நல்லபடியாகத் தாண்டிவிட்டது. ஹல்துமுல்லைக்கு மேலே குருவிமலைத் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள் இப்போதே சுகிர்தத்தை, "என்னடி ஃபேக்டரிக்காரன் பொண்டாட்டி" என்று சீண்டிக்கொண்டிருந்தார்கள்.

"கோழி எதுக்கும்மா?" என்று வாசலில் நின்று கேட்டாள் சுகிர்தம்.

"பொருத்தனைடி. மூணாவது ஓலை அன்னிக்கு சபைக்கு முன்னால நன்றி சொல்றேன்னு ஆண்டவர்கிட்ட வேண்டியிருக்கேன்."

சுகிர்தத்தின் முகம் மாறியது. "எதுக்கு நன்றின்னு சொல்லப் போறியா?"

"பின்ன?"

"வேணாம்மா. கோழிய மட்டும் குடு. காரணம் வேணாம்."

"காரணம் சொல்லலேன்னா அது காணிக்கையாடி? வெறும் கோழி."

அந்தக் காரணம் இந்தத் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது. எல்ல என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் அவர்கள் இருந்த காலத்தில் நடந்தது அது. ஒரு மழைக்காலத்தில், எதுவும் நடக்காமலே, சுகிர்தம் தூக்கத்தை விட்டாள். பிறகு சோற்றை விட்டாள். கொழுந்துக் கூடையை மலையிலேயே போட்டுவிட்டு, யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நனைந்துகொண்டே நடந்தாள். அந்த ஊர்ச் சபை அவளுக்காக ஜெபித்தது உண்மைதான். ஆனால் ஜெபம் முடிந்ததும் அவள் உட்கார்ந்த பாயைச் சுருட்டி வெளியே வைத்தது. இராப்போஜன அப்பம் வாங்க அவள் எழுந்தபோது சபை மூப்பர் ஒருவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். கணவனை இழந்த ஞானாயி மகளை மாட்டு வண்டியில் பதுளைக்குக் கொண்டுபோனாள். ஆஸ்பத்திரி டாக்டர், இதுவும் காய்ச்சல் மாதிரி ஒரு சீக்குதான், அடிக்காதே, பயமுறுத்தாதே, தூங்க வை என்றார். ஞானாயி அப்படியே செய்தாள். மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, தான் தூங்காமல் அவளைத் தூங்க வைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளை திரும்பி வந்தாள். ஒருநாள் குழம்பில் உப்பு இல்லையென்று சண்டை பிடித்தபோது, ஞானாயி அடுப்படியிலேயே முழங்கால் போட்டு அழுதாள். அப்போது செய்த பொருத்தனைதான் இது.

"மாப்பிள்ளைக்குத்தான் நீயே எல்லாம் சொல்லிட்டியே. அப்புறம் யாருக்குப் பயம்?" என்றாள் ஞானாயி.

"அவருக்குத் தெரியும்."

"அவருக்குத் தெரிஞ்சா அவுக அம்மாவுக்குத் தெரிஞ்ச மாதிரிதானே?"

சுகிர்தம் சட்டென்று உள்ளே போய்விட்டாள். கல்யாணப் பெண்ணின் வெட்கம் என்று நினைத்துக்கொண்டாள் அம்மா.

வார நாட்களில் பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை கோயில் என்று இருந்த தகரக் கட்டடம் அன்று நிறைந்திருந்தது. மாதம் ஒருமுறை பதுளையிலிருந்து வரும் பாதிரியார் வந்திருந்தார். மற்ற நாட்களில் சபையை நடத்துகிற உபதேசியார் வேதமாணிக்கத்திடம் ஞானாயி வாசலிலேயே கோழியைக் கொடுத்தாள்.

"என்னன்னு சொல்லட்டும் தாயி?"

"எம்மகளுக்கு மனசு கலங்கி இருந்துச்சுங்க. ஆண்டவர் தெளிய வச்சாரு. அதுக்கு ஸ்தோத்திரம்னு சொல்லுங்க."

"அருமையான சாட்சி!" உபதேசியாருக்கு உண்மையிலேயே கண் கலங்கிவிட்டது.

ஓலை வாசிக்கப்பட்டது. ஆசீர்வாதம், சுகிர்தம் என்ற இரண்டு பெயரும் மூன்றாவது முறையாகச் சேர்ந்து ஒலித்தன. தடை உண்டா என்று பாதிரியார் கேட்டார். குழந்தையொன்று தும்மியது, எல்லாரும் சிரித்தார்கள். ஆண்கள் பக்கத்தில் ஆசீர்வாதம் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். ஞானாயி பக்கத்திலிருந்த அவன் அம்மா ரூத்தம்மாளின் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்தக் கையும் திருப்பி அழுத்தியது.

பிறகு ஸ்தோத்திரக் காணிக்கைகள். பூசணிக்காய் கொடுத்தவர், சுகப்பிரசவத்துக்கு வாழைக்குலை கொடுத்தவர் எல்லாம் முடிந்து, உபதேசியார் செவலைக் கோழியைக் கையில் எடுத்தார். சாதாரண விஷயத்தைக்கூடச் சபையில் வேத வார்த்தையாகச் சொல்வதுதான் ஆண்டவருக்கு மகிமை என்று நம்புகிற மனிதர் அவர். குரலை உயர்த்தினார்.

"அசுத்த ஆவியினாலே பீடிக்கப்பட்டு, பிசாசின் பிடியிலே கிடந்த தன் மகள் சுகிர்தத்தை ஆண்டவர் விடுதலையாக்கினபடியினாலே, ஞானாயி அம்மாள் படைக்கிற ஸ்தோத்திரக் காணிக்கை!"

அல்லேலூயா சொல்ல வாய் திறந்தவர்கள் சொல்லாமல் மூடிக்கொண்டார்கள். ஞானாயிக்கு முதலில் விளங்கவில்லை. வேறு யாருடைய மகளையோ சொல்கிறார் என்றிருந்தது. அப்புறம் பார்த்தாள். சுகிர்தத்துக்கு முன்னால் இருந்தவள் தன் குழந்தையை இழுத்து மறுபக்கம் வைத்துக்கொண்டாள். பின்னால் இருந்தவர்கள் நகர்ந்தார்கள். நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பாயில் சுகிர்தத்தைச் சுற்றி மட்டும் ஓர் இடம் விழுந்தது.

ஞானாயியின் கைக்குள் இருந்த ரூத்தம்மாளின் கை உருவிக்கொண்டது.

"பிசாசுன்னு நான் சொல்லலீங்க!" ஞானாயி எழுந்தேவிட்டாள். "மனசுன்னுதான் சொன்னேன். சீக்குங்க அது. பதுளை டாக்டரே சொன்னாரு."

"ரெண்டும் ஒண்ணுதானே தாயி?" என்றார் உபதேசியார். அவர் முகத்தில் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. "விடுதலையான பிறகு எதுக்கு வெட்கம்?"

"பாதிரி ஐயா, தடை இருக்கான்னு கேட்டீங்களே. இருக்கு," என்று எழுந்தாள் ரூத்தம்மாள். "இத மறைச்சு எம்புள்ள தலையில கட்டப் பாத்தாங்க."

"மறைக்கல மதினி! மறைக்கக் கூடாதுன்னுதானே கோழியே கொண்டாந்தேன்!"

யாரோ சிரித்தார்கள். பாதிரியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். "யாரும் கோபப்பட வேண்டாம். போன ஆவி திரும்பி வராது என்று நாம் நிச்சயமாகச் சொல்ல முடியாது. பிள்ளை உபதேசியார் வீட்டில் தங்கி உபவாச ஜெபத்தில் இருக்கட்டும். சபைக்குத் திருப்தியான பிறகு கல்யாணத்தைப் பார்ப்போம். அதுவரை இராப்போஜனத்துக்கு வர வேண்டாம்."

அப்போதுதான் சுகிர்தம் எழுந்தாள். அவள் குரல் நடுங்கவில்லை.

"எனக்குப் பிசாசு புடிக்கலீங்கய்யா. எனக்குச் சீக்கு வந்துச்சு. எங்கம்மா பாத்துக்கிட்டாங்க. சரியாப் போச்சு. அவ்வளவுதாங்க."

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு கிசுகிசுப்பு, கோயில் முழுதும் கேட்கும்படி வந்தது: "சபையில ஒரு கொமரி இப்பிடிப் பேசுவாளா? அவ பேசலடி. அது பேசுது."

கதவோரம் இருந்தவர்கள் சிலுவை போட்டுக்கொள்ளாத குறையாக ஒதுங்கினார்கள். அழுதிருந்தாலாவது விட்டிருப்பார்கள். தெளிவாகப் பேசியதுதான் அவளுக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. சுகிர்தம் ஆண்கள் பக்கம் பார்த்தாள். ஒரே ஒரு ஆளைத்தான் பார்த்தாள்.

ஆசீர்வாதம் எழுந்து நின்றான். "எனக்குத் தெரியுங்க ஐயா," என்றான். "சுகிர்தம் எங்கிட்ட முன்னாடியே சொல்லிருச்சு."

"தெரிஞ்சுமாடா?" என்று அலறினாள் அவன் தாய். "தெரிஞ்சும் எங்கிட்டச் சொல்லாம மூணு ஓலை வாசிக்க விட்டியா?"

அவன் தாயைப் பார்த்தான், பாதிரியாரைப் பார்த்தான். அவனுக்கு சுகிர்தத்தின் மேல் பிரியம் இல்லாமல் இல்லை. எல்லாரையும் சமாதானப்படுத்த ஒரு வழி இருக்காதா என்று தேடினான் பாவம்.

"ஐயா சொல்ற மாதிரி கொஞ்ச நாள் ஜெபத்துல இருந்துட்டு வந்துரு சுகிர்தம்," என்றான். "போயிருச்சுன்னு எல்லாரும் நம்பட்டுமே. அப்புறம் நாம கல்யாணம் கட்டிக்குவோம்."

"என்ன போயிருச்சுன்னு?" என்று கேட்டாள் அவள்.

அவனால் பிசாசு என்ற சொல்லைச் சொல்ல முடியவில்லை. சீக்கு என்றும் அவன் சொல்லவில்லை.

சுகிர்தம் முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொண்டு வெளியே நடந்தாள். அவளுக்கு வழிவிட்ட ஜனங்கள், கல்யாண ஊர்வலத்துக்குக்கூட அவ்வளவு அகலமாக வழிவிட்டிருக்க மாட்டார்கள். ஞானாயி பின்னாலேயே ஓடினாள். தேயிலைக்கு நடுவே இறங்கும் ஒற்றையடிப் பாதையில் மகளின் நடை வேகமாக இருந்தது. அந்த நடையை ஞானாயிக்குத் தெரியும். மழையில் நடந்த நடை அது.

"நில்லுடி! தப்பு எம்மேலதான். அந்த மனுசன் அப்பிடிச் சொல்லுவாருன்னு எனக்கென்னடி தெரியும்? மனசுன்னுதானே சொல்லச் சொன்னேன்..."

பின்னால் காலடி கேட்டது. ஆசீர்வாதம் மூச்சிரைக்க வந்து நின்றான். "அத்தை, நான் அம்மாகிட்டப் பேசுறேன். சுகிர்தம், இங்க பாரு. ஒண்ணும் ஆகல. ஏதாச்சும் பேசேன்."

அவள் நின்றாள். திரும்பி அவனை நெடுநேரம் பார்த்தாள். அந்தக் கண்களில் கோபத்தைத் தேடினாள் ஞானாயி. கோபம் இருந்தால் பிழைத்துக்கொள்வாள். அது இல்லை.

"நான் பேசுனா, யாரு பேசுறதுன்னு நீங்களும் யோசிப்பீங்க," என்றாள் சுகிர்தம்.

"சேச்சே, அப்பிடியெல்லாம்..." என்று தொடங்கியவன் வாக்கியத்தை முடிக்கவில்லை. அந்த முடியாத வாக்கியத்துக்காக அவள் சற்று நேரம் காத்திருந்தாள். பிறகு லய வரிசையில் இருந்த தங்கள் வீட்டுக்குள் போய், விளக்கு வைக்கிற மாடத்துக்குக் கீழே, முகத்தைச் சுவரோடு வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"நீதான்டி பேசுன," என்று ஞானாயி பக்கத்தில் உட்கார்ந்து அவள் தலையைத் தன் மடிக்கு இழுத்தாள். "எம்மகதான் பேசுனா. எனக்குத் தெரியும்டி. எனக்குத் தெரியும்."

தலை மடிக்கு வந்தது. இரவு முழுதும் கண்கள் திறந்தே இருந்தன. அவள் பிறகு பேசவில்லை.